ஓடாத ரேஸ் வண்டி

"உனக்காகத்தான் விற்கிறேன்" என்றார் அவர்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். தோளில் எண்ணெய்த் துணி இல்லை. நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கைகளைக் கழுவியிருந்தார். அந்தச் சுத்தமான கைகளைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பயம் வந்தது.

"எதை விற்கிறீங்க?"

"வேற எதை? வண்டியைத்தான். விளம்பரம் குடுத்தாச்சு. 'அபூர்வமான பழைய பிரிட்டிஷ் ரேஸ் பைக் விற்பனைக்கு'ன்னு."

"யாரு கேட்டா உங்களை?"

"நீ கேக்க மாட்டே. அதுதான் உன் குணமே. நேத்து நம்ம பொண்ணு போன்ல என்னைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டா. 'ரிட்டயர் ஆன நாள்லருந்து நீங்க அந்த வண்டியோட கொட்டகையிலயே கிடக்கறீங்க, அம்மா வீட்டுக்குள்ள ஒத்தையா உக்காந்திருக்காங்க, பேச்சுத்துணைக்கு ஆள் உண்டா'ன்னு கேட்டா. எனக்கு நறுக்குன்னு இருந்துச்சு."

கிட்டே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இனிமே காலையிலருந்து சாயந்தரம் வரைக்கும் உன்கூடத்தான்."

அவள் சிரித்து வைத்தாள். வேறு எதைச் செய்வதென்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அந்த வண்டி பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டது. செய்ததே கொஞ்சம்தானாம், உலகத்தில் இன்னும் மிச்சமிருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாமாம். ஒற்றை சிலிண்டர். நீளமான வெள்ளி நிறப் பெட்ரோல் டேங்க், முழங்கால் பதிய இரண்டு பக்கமும் குழி. விளக்குக் கிடையாது, ஹாரன் கிடையாது, உதைத்துக் கிளப்பக் கிக்கர்கூடக் கிடையாது. தள்ளிக்கொண்டே ஓடி, அந்த வேகத்தில் பாய்ந்து ஏறினால்தான் கிளம்பும். கிளம்பினால் வானம் இடிக்கிற மாதிரி சத்தம் வரும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

தொழிற்சாலையில் லேத் பிரிவுக்கு ஃபோர்மேனாக இருந்தவர் அவர். அங்கே அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பட்டப் பெயர். அந்த வண்டியில் இருந்ததெல்லாம் பழைய இங்கிலீஷ் அளவு. கடையில் விற்கிற எந்த ஸ்பேனரும் எந்த நட்டுக்கும் பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு நட்டுக்கும் ஸ்பேனரை அவரே செய்தார். ஸ்பேனர் செய்ய ஒரு மாதம் ஆகும். நட்டைத் திருக ஒரு நிமிடம். அப்புறம் அடுத்த நட்டு. மத்தியானம் அவள் கூப்பிட்டால், ரேஸ் எஞ்சினுக்கு ஊற்றும் விளக்கெண்ணெய் வாசனையோடு வந்து உட்கார்ந்து, நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு ஒரு நல்ல முன்னேற்றம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்.

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். வேலைக்குப் போன காலம் முழுக்க அவள் காதில் ஊர்ப்பட்ட ஜனங்களின் குரல். யாருக்கோ பிரசவம், யாருக்கோ கோபம், யாரோ யாரிடமோ மன்னிப்புக் கேட்கிறார்கள். எல்லாம் அவள் காது வழியாகப் போய் வந்தது. வீட்டுக்கு வந்தால் மாமியார், மாமனார், பெண், பெண்ணின் தோழிகள். பெரியவர்கள் காலமாகி, அவளும் அவரும் ஓய்வு பெற்று, பெண்ணும் கல்யாணமாகிப் போன பிறகுதான் ஒரு நாள் காலையில், அவர் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்ட சத்தத்துக்குப் பின்னால், வீட்டுக்குள் ஒரு அமைதி வந்து உட்கார்ந்தது. அப்படி ஒன்று தனக்கு வாய்க்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவே இல்லை.

அந்த நேரத்தில் அவள் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடுவதில்லை. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காப்பியை ஆற வைத்துக் குடிப்பாள். ஏதோ ஒரு யோசனையை எடுத்து, பழைய புடவையை உதறிப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, மடித்து வைப்பாள். 'என்ன யோசிக்கிறே?' என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை. அவளுக்கு அது போதும்.

அவர் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். போன மழையில் கொட்டகைக் கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு போனபோது, மாற்றுத் தகரம் வரும்வரை அவர் வீட்டுக்குள் இருந்தார். கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். அதன் பிறகு அவர் எந்த அறையிலிருந்து எப்போது முளைப்பார் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று. கேரட் நறுக்கிக்கொண்டிருந்தவள் பக்கத்தில், கனம் அளக்கும் வெர்னியரோடு வந்து நின்றார்.

"இந்தத் துண்டு தடிமன், இது மெல்லிசு. எல்லாம் ஒரே கனமா இருந்தா ஒரே நேரத்துல வேகும். தப்பா எடுத்துக்காதே."

அவர் சொன்னது சரிதான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அவள் மகளைப் போனில் பிடித்தாள்.

"உன்னை யாருடி எனக்கு வக்கீல் வச்சது?"

"என்னம்மா இது? உனக்காகத்தானே பேசினேன்!"

"அப்பாவும் எனக்காகத்தான் விற்கிறாராம். எனக்காக எல்லாரும் இவ்வளவு பாடுபடறீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அப்போ உனக்கு அப்பா பக்கத்துல இருக்கறது பிடிக்கலையா?" என்றாள், சின்னப் பெண்ணின் குரலில்.

"பிடிக்காம என்ன? பிடிக்கும்டி. பகல்ல வேண்டாம், அவ்வளவுதான்."

"அதையே அப்பாகிட்ட நேரா சொல்லிடேன்."

"எப்படிடி சொல்றது?"

எப்படிச் சொல்வது என்று அவள் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள். உங்கள்மேல் எனக்குப் பிரியம் உண்டு, ஆனால் அது சாயங்காலத்துக்கு மேல்தான் தொடங்குகிறது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனிடம் சொல்வது? ஒரே வீட்டில் இத்தனை வருஷம் வாழ்ந்தும் இந்த ஒரு விஷயத்துக்கு அவர்களிடையே பேச்சே இருந்ததில்லை. சண்டைக்கு வார்த்தை இருந்தது. சமாதானத்துக்கும் இருந்தது.

மறுநாள் வேறு வழியில் முயன்றாள்.

"வண்டியை விற்க வேணாங்க. எனக்கும் அது பழகிப் போச்சு. நம்ம வீட்டுல ஒரு ஆள் மாதிரி."

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். முகம் இளகிப் போயிற்று.

"பாத்தியா! இத்தனை வருஷம் அதுமேல ஒரு பொறாமைகூடப் படாம இருந்திருக்கே. இப்பவும் எனக்காக விட்டுக்குடுக்கறே. இதுக்கு மேலயும் நான் விற்கலைன்னா நான் மனுஷனே இல்லை."

அது வினையாக முடிந்ததும், தான் ஒன்றும் தனிமையில் வாடவில்லை என்று காட்ட, அதற்கு அடுத்த நாள் கொட்டகைக்கே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முக்காலியில் முதுகு வலிக்க உட்கார்ந்து, அவர் ஒரு நட்டை அரத்தால் தேய்ப்பதைப் பார்த்தாள். மண்ணெண்ணெயில் ஊறிய சின்னச் சாமான்களை அவர் பூப்போல எடுத்துத் துடைத்து வரிசையாகத் துணியில் வைத்தார். அழகாகத்தான் இருந்தது. இவ்வளவு பொறுமையை அவர் எங்கே வைத்திருந்தார் என்று ஆச்சரியப்பட்டாள். அவர் அன்று அவளிடம் பேசியது இரண்டு வார்த்தைகூட இருக்காது, அவளும் பேசவில்லை. நல்ல பகல் என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் தொண்டையைச் செருமினார். "பொண்ணு சொன்னது நூத்துக்கு நூறு நிஜம். பேச ஆள் இல்லாம, கடைசியில கொட்டகை வரைக்கும் தேடிக்கிட்டு வந்துட்டே. எனக்கு மனசு கேக்கலை. விலையைக் குறைச்சாவது இந்த வாரமே தள்ளிவிட்டுடறேன்."

ஆடிட்டர் போன் செய்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவள்தான் எடுத்தாள்.

"விளம்பரம் பார்த்தேன். நான் ஆடிட்டர் பேசறேன்."

அவளுக்குத் தெம்பு வந்தது. ஆடிட்டர் என்றால் குற்றம் கண்டுபிடித்தே சாப்பிட்டவர். நாலு குற்றத்தை எடுத்துக் கையில் கொடுத்தால் அவரே ஓடிவிடுவார்.

"சொல்றேனேன்னு வருத்தப்படாதீங்க. அது ஓடாதுங்க."

"ஓடாதா?"

"இதுவரைக்கும் ஓடினதே இல்லை."

அந்தப் பக்கம் ரிசீவரைக் கையால் பொத்துவது அவளுக்குக் கேட்டது. பொத்திய கைக்குள் ஏதோ பேச்சு. பிறகு ஆடிட்டர், "அப்படின்னா நாளைக்கே வர்றோம்" என்றார்.

சொன்னபடி வந்தார். ஒல்லியான மனிதர். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, பளபளக்கும் ஷூ. காரைத் தெருமுனை மரத்தடியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கொட்டகைக்குள் வண்டி முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் அறை மாறிப் போய் யாரோ ஒரு நோயாளியின் கட்டில் பக்கத்தில் நிற்பவரைப் போல இருந்தது அவர் நின்ற தோரணை.

"நல்ல வண்டி" என்றார், எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

"நல்லதுதான். ஆனா சொல்லிடறேன்" என்று அவள் கணவர் ஆரம்பித்தார். பொய் வராத வாய். "மேக்னெட்டோல கரண்ட் விட்டு விட்டு வருது. கார்புரேட்டர் இதுக்கு உள்ளது இல்லை. பிஸ்டன் வளையம் மூணு தடவை செஞ்சேன், இன்னும் ஒரு மயிரிழை லூஸ்."

"வேலை நிறைய இருக்குமோ?"

ஆடிட்டரின் குரலில் கவலை இருந்தது. அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நிறையவா? முடியவே முடியாதுங்க. ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு புட்டுக்கும். இவர் கை தேர்ந்த ஃபோர்மேன், இவராலயே முடியலை. உங்களை மாதிரி பேனா பிடிச்சவங்க இதைத் தொட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க."

ஆடிட்டர் யோசித்தார். "ஒரு நிமிஷம். கார்ல போய்ப் பேசிட்டு வந்துடறேன்."

போனவர் திரும்பி வந்து, "நீங்க சொன்ன விலை எங்களுக்குச் சம்மதம்" என்றார்.

அவள் கணவர் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"சாமான் கிடைக்காதுங்க" என்றாள் அவசரமாக. "ஒரு வாஷர் வேணும்னாக்கூடக் கடல் தாண்டிக் கடிதம் போடணும். பதில் வர ஆறு மாசம். வர்ற வாஷர் வேற வண்டிக்கு உள்ளதா இருக்கும். திருப்பி அனுப்பணும். இப்படியே வருஷம் ஓடிடும்."

"வருஷம் ஓடிடுமா?"

"ஓடிடும். வண்டிதான் ஓடாது."

ஆடிட்டர் மறுபடி காருக்குப் போனார்.

"பின்னால யாரோ பெரிய ஆள் இருக்கான்" என்று அவள் கணவர் கிசுகிசுத்தார். "இவர் வெறும் தூது. நீ குறையைச் சொல்லச் சொல்ல மதிப்பு ஏறுது பாரு. உள்ளதை உள்ளபடி சொல்லணும்னு ஃபேக்டரியில நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், ஒருத்தனும் கேக்கலை."

ஆடிட்டர் திரும்பி வந்தார். "விலைக்கு மேல கொஞ்சம் சேர்த்தே தர்றோம். வேற யாருக்கும் வாக்குக் குடுத்துடாதீங்க."

இனி அவளிடம் பொய்யும் இல்லை, பாதி உண்மையும் இல்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"ஏங்க, உள்ள போய்ச் சாருக்குக் காப்பி கலந்து எடுத்துட்டு வாங்களேன்" என்று கணவரை அனுப்பிவிட்டு, ஆடிட்டருக்கு நேரே வந்து நின்றாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. இது ஓடாதது பெரிசில்லை. இது ஆளை விழுங்கிடும். காலையில கொட்டகைக்குள்ள போற மனுஷன் மத்தியானம் கூப்பிட்டாத்தான் வெளிய வருவார். வீட்டுல சுவர் இடிஞ்சு விழுந்தாலும் தெரியாது. நீங்க இருக்கற இடமே உங்க வீட்டுல தெரியாது. உங்க வீட்டம்மா பாட்டுக்கு ஒத்தையில ஜன்னல் பக்கம் உக்காந்திருப்பாங்க. என்ன யோசிக்கிறாங்கன்னு கேக்கக்கூட ஆள் இருக்காது. ஒரு பொம்பளையை அப்படி விடலாமா? நீங்களே சொல்லுங்க."

சொல்லி முடிக்கும்போது அவள் குரல் உடைந்தது. அதில் நடிப்பு இல்லை. தன் வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த நல்லதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, அழுக்குத் துணியில் சுற்றி, இன்னொருவர் பயப்படும்படி காட்டியிருந்தாள். சொல்லும்போதுதான் அது எவ்வளவு நல்லது என்று அவளுக்கே தெரிந்தது.

ஆடிட்டரின் முகம் வெளுத்துவிட்டது. வண்டியை ஒரு தடவை பார்த்தார். கொட்டகையின் இருட்டு மூலையைப் பார்த்தார். "இதை நான் அப்படியே சொல்லித்தான் ஆகணும்" என்று முணுமுணுத்துவிட்டு, ஷூவில் புழுதி படுவதைக்கூடக் கவனிக்காமல் தெருமுனைக்கு நடந்தார்.

ஜெயித்துவிட்டோம் என்று அவள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

இந்த முறை அவர் சீக்கிரமே வந்துவிட்டார். பின்னாலேயே ஒரு சின்ன லாரி வந்து நின்றது.

"எடுத்துக்கறோம்" என்றார், தீர்ப்பைக் கேட்டுவிட்டு வந்தவர்போல. "இன்னிக்கே ஏத்திடச் சொல்லிட்டாங்க."

காப்பித் தட்டோடு வந்த அவள் கணவர் அதைக் கேட்டுவிட்டுத் தட்டைக் கீழே வைத்து, வண்டியின் டேங்கை ஒரு தடவை உள்ளங்கையால் தடவினார்.

அவள் அவர் பக்கத்தில் போனாள். "வேணாங்க. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை. விற்காதீங்க. எனக்காக."

"இப்படித்தான் நீ" என்றார் அவர். "வாழ்க்கை பூரா இப்படித்தான். எனக்குப் பிடிச்சதுன்னா உனக்கு வேணுங்கறதை வாய்விட்டுச் சொல்லவே மாட்டே. கவலைப்படாதே. கழட்டிக் கழட்டி மாட்டினதுல எனக்கும் கை ஓய்ஞ்சு போச்சு." அவள் தோளில் கை வைத்தார். "நீ காலையில ஜன்னல் பக்கம் உக்காருவேல்ல, அங்க இன்னொரு நாற்காலி போட்டுட்டேன். நாளையிலருந்து ரெண்டு பேரும் சேர்ந்து உக்காரலாம்."

இப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த நாற்காலியை அவர் எங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்திருப்பார், கால் ஆடாமல் இருக்க எத்தனை தடவை தேய்த்திருப்பார், அவளுடைய நாற்காலிக்கும் அதற்கும் நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று எப்படி அளந்திருப்பார் என்றெல்லாம் நினைத்தபோது, வந்த வார்த்தை வந்த வழியே திரும்பிப் போயிற்று. அன்பு தப்பான விலாசத்துக்கு வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் போலிருக்கிறது.

"சரிங்க" என்றாள்.

பலகை போட்டு வண்டியை லாரியில் ஏற்றினார்கள். அவள் கணவர் கயிற்றை எந்த இடத்தில் கட்ட வேண்டும், எங்கே துணி வைத்துக் கட்ட வேண்டும் என்று ஆட்களை உருட்டிக்கொண்டிருந்தார். ஸ்பேனர்கள் இருந்த மரப்பெட்டியை ஆடிட்டர் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அது அவருக்குக் கனத்தது.

அவளால் அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்கு வந்தாள். அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றாமல் மேடைமேல் கையை ஊன்றி நின்றாள். இன்னும் கொஞ்ச நேரத்துக்கு இது அவளுடைய சமையலறை.

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

வாசலில் ஒரு பெண் நின்றாள். அவளைவிடச் சில வயது சின்னவளாக இருப்பாள். பருத்திப் புடவை, கலைந்த தலை, பல நாள் சரியாகத் தூங்காத கண்கள். இத்தனை நேரம் காரில் உட்கார்ந்தே களைத்துப் போனவள்போல இருந்தாள். "நான் ஆடிட்டர் வீட்டுல" என்றாள்.

அவள் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். வந்தவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். அமைதியாக இருந்த கூடத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு கதவை மெல்லச் சாத்தினாள்.

"அக்கா, நீங்க அவர்கிட்ட சொன்னதெல்லாம் நிஜம்தானே? ஓடவே ஓடாதுல்ல?"

அவளுக்குள் கடைசியாக ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது. "சத்தியமா ஓடாதும்மா. உங்களுக்கு இஷ்டமில்லைன்னா இப்பவே இறக்கிடச் சொல்றேன். ஒரு பைசா பிடிக்க மாட்டோம். பாவம், உங்க வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கறார்…"

"அவரா? அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. நான்தான் வாங்கச் சொன்னேன்" என்று அவசரமாகச் சொன்ன அந்தப் பெண், அவள் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அவர் ரிட்டயர் ஆகி ரெண்டு மாசம்தான்க்கா ஆகுது, தப்பித்தவறி யாராவது இதை ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டா நான் எங்க போவேன்?"